எல்லாக் கூறிலும் கறி

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். யாரையும் நம்பாதவள் என்பது அதன் பொருள். நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, அது போய்வரும் நேரத்தை அளந்து, பூமி எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். கொண்டுவருவார்கள், பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே விடையை, தசமப் புள்ளிக்குப் பிறகும் பிசகாமல். ஜன்னல் வழியே மலைக்காற்று வீசுகிறது, ஸ்டாப்வாட்ச் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, குண்டு நேராக ஆடாமல் வட்டமடிக்கிறது, ஆனாலும் விடை மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கும். "யார் காதுல பூ சுத்துறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். கொஞ்சம் தப்பான விடையோடு வந்து முழிக்கிற பிள்ளைக்குத்தான் என்னிடம் நல்ல மார்க்.

இந்தக் குணம் பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அது என் அக்காவின் கை வரைக்கும் வந்தது.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நாங்கள் இருவரும் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் பிறந்தவர்கள். நான் படித்து வேலைக்குப் போய், மலை டவுனான தானா ராத்தாவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் அங்கேயே இருந்துவிட்டாள். மாமா இறந்த பிறகும் அதே வீடு, அதே அடுப்படி, வாசலில் அதே செம்பருத்தி. தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஆட்கள். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே லயத்துக்குள் அடங்கிவிடும். வேலை இருக்கும்வரை வீடு, வேலைக்கு ஆகாது என்று ஆபீஸ் சொல்லிவிட்டால் வீட்டைக் காலி செய்து அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்ததும் எங்களுக்கு வீட்டுக் கவலை வந்தது அதனால்தான்.

கொழுந்து வெட்ட மோட்டார் மெசின் வந்த பிறகுதான் வலி அதிகமானது என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்துக்கொண்டு, செடி வரிசைக்கு மேலே அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நாள் முழுக்க அது கையில் கிடந்து அதிரும். காலையில் எழுந்தால் அக்காவுக்குக் கை மூடாது. சுடுதண்ணீரில் வைத்து வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும்.

"பேசாம என் வீட்டுக்கு வந்துடுக்கா" என்பேன்.

"வந்து? உன் சோபாவுல உக்காந்துக்கிட்டு ரோட்டுல போற கார எண்ணவா? எனக்கு என் அடுப்படி வேணும் பாப்பா" என்பாள். எனக்கே தலை நரைத்துவிட்டது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அப்போதுதான் அந்த டாக்டர் வந்தார். கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இளம்பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை. மூட்டு வலிக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் சேரலாம், வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்தால் போதும். அக்கா சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சேர்ந்தாள். லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை முடிந்து அக்கா எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"பாப்பா, அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவாம். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமாம். யாருக்கு எதுன்னு அதுக்கே தெரியாதாம்லா! எதக் குடுக்குறோம்னு தெரியாம ஒரு டாக்டரு மாத்திரை குடுக்குமா?"

அந்த முறையை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். கொடுப்பவருக்குத் தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவருக்குத் தெரிந்தால், மருந்து கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்திலேயே வலி பாதி குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டுகிறார்கள் என்றேன்.

"அப்ப மாவு கெடச்சவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அவ இருந்தாத்தான் மருந்து வேலை செஞ்சுதா, தானா சரியாச்சான்னு தெரியும்."

"அது சரி. அவ கை?"

"அவ கை இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் போய் டாக்டரைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டேன். பாதியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு, கடைசியில் யாருக்கு எது கிடைத்தது என்று சொல்வீர்களா, நல்ல மருந்தாக இருந்தால் மாவு கிடைத்தவர்களுக்கும் கொடுப்பீர்களா? அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்கு உறுத்தியது அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த தோட்டத்து டிரஸ்ஸர். கிளினிக்கைப் பார்த்துக்கொள்பவர் அவர். நிற்க வேண்டியதுதான், ஆனால் காதை இவ்வளவு தீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய் மூடாத மனுஷி. சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். என்னைக் கண்டதும், "வந்துட்டாங்கலா சி.ஐ.டி! எல்லாரும் கைய மேல தூக்குங்க!" என்பாள். எனக்கு அவள்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஓடியாடி வேலை செய்கிறாள், ஒரு நாளும் கை வலி என்று வாய்திறந்து சொன்னதில்லை. டாக்டர் கொண்டுவரும் பிஸ்கட்டுக்கும் மைலோவுக்கும்தான் இவள் சேர்ந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதே சமயத்தில் தோட்டத்தில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. ஓடைப் பக்கத்துச் சரிவு ஒன்றை ஒரு பூச்சி ஆராய்ச்சிக் குழுவுக்கு விட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் மருந்து அடிக்கக் கூடாது, மெசின் விடக் கூடாது. எதிர்ச் சரிவில் எல்லாம் வழக்கம்போல நடக்கும். இரண்டு பக்கமும் மண்ணில் பிளாஸ்டிக் கப்புகளை விளிம்பு வரை புதைத்துவைத்து, எந்தப் பக்கம் எத்தனை வண்டு, எத்தனை சிலந்தி விழுகிறது என்று எண்ணி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெசின் இல்லை என்றால் கொழுந்தைக் கையால்தான் கிள்ள வேண்டும். கையால் கிள்ளத் தெரிந்தவர்கள் இப்போது சொற்பம். வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி, அக்காவை அங்கே அனுப்பினார். மாத்திரைக் கூட்டத்தில் அந்தச் சரிவுக்குப் போனவள் அவள் ஒருத்திதான். மற்ற மூவரும் மெசினில்தான் இருந்தார்கள்.

கொஞ்ச வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை நான் போய் இறங்கியதும் அக்கா வாசலுக்கே ஓடி வந்தாள். "பாரு பாப்பா, பாரு!" என்று என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, மெல்ல விரல்களை மடக்கினாள். கை மூடியது! "எனக்கு மருந்துதான் கெடச்சிருக்கு. மாவு இல்ல. நான் கும்புட்ட மாரியாத்தா கைவிடல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போட்ட தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். டம்ளரைக் கீழே வைத்ததும் மனதுக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது. இவளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மாறியிருக்கிறது. மாத்திரை வந்திருக்கிறது, மெசின் போயிருக்கிறது. என் வகுப்பில் ஒருவன் நூலின் நீளத்தையும் குண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, "டீச்சர், நீளத்தாலதான் இப்படி" என்று வந்து நின்றால் வெளியே துரத்துவேன். இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. பூச்சி எண்ணுகிறவர்கள் ஒரு நாள் மூட்டை கட்டிப் போய்விடுவார்கள். குணமாக்கியது மெசின் இல்லாததுதான் என்றால், அன்றைக்கு அக்காவின் கை போய்விடும், கையோடு வீடும் போய்விடும். எது குணமாக்கியது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய ஊசிக் கருவி ஒன்று இருந்தது. அதன் துணிப்பட்டையைச் சுருட்டி, லேசாகக் காற்றடித்து, கையில் கொடுத்து இறுக்கச் சொன்னால், எவ்வளவு பிடி இருக்கிறதோ அவ்வளவு ஊசி ஏறும். அடுத்த தடவை எடுத்துப் போனேன். அக்கா ஊசியையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து, முகம் சிவக்க இறுக்கினாள். என்னிடம் நல்ல மார்க் வாங்க நினைக்கிறாள்! ஊசிப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் அவள் கண்ணுக்குப் படாமல் அளந்தும், ஒவ்வொரு முறையும் ஊசி முந்தியதைவிடக் கொஞ்சம் மேலேதான் போனது. ஆக, கை தேறியது நிஜம். மற்ற இரண்டு பெண்களையும் இறுக்கச் சொன்னேன். அவர்களுக்கு எத்தனை முறை அளந்தாலும் ஊசி முதல் தடவை நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கையைக் கொடுக்கவே இல்லை. "எனக்கு வேணாம் டீச்சர். நான் ஒரு அமுக்கு அமுக்குனா உங்க மெசினு வெடிச்சிரும்லா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கள்ளி, ஒரு வலியும் இல்லாதவள், அதுதான் மாட்டிக்கொள்ளாமல் நழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நானும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு அட்டையை நீட்டினார். அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருந்தன. ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறு கோடியில் கண்ணீர் வடிக்கிற முகம். எவ்வளவு வலியோ அந்த முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அக்கா சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிற முகம். மற்ற இரண்டு பேரும் சிரிக்கிற முகம்! ஊசி அசையாததை நானே என் கண்ணால் பார்த்த இரண்டு பேர். எனக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் ஊசல் விடை ஞாபகம் வந்து, உச்சந்தலை வரை சூடேறியது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க? கை மூட மாட்டேங்குது, காட்டுறது மட்டும் சிரிக்கிற மூஞ்சியா?"

"என்னா டீச்சர் நீங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அழுவுற மூஞ்சியில கொண்டுபோயி கைய வைக்கச் சொல்றீங்க? விளக்கேத்துற நாளு!"

 மற்ற இருவரில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "டிரஸ்ஸர் வேற நிக்கிறாருல்ல. அழுவுற மூஞ்சியக் காட்டுனா சாயங்காலமே ஆபீஸுக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் வேலைக்கு ஆகாதும்பாங்க" என்றாள். ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள், என்ன கிழமை என்று யோசிக்கவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எங்களைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். சாமி மாடத்துக்குக் கீழே இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தாள். அன்றைக்கு வாங்கி வந்த நாலு புட்டி மாத்திரைகளையும் வரிசையாக அதில் கொட்டினாள். மூடியைப் போட்டு, பொரி குலுக்குவது மாதிரி நன்றாகக் குலுக்கினாள். பிறகு ஆளுக்குக் கொஞ்சமாக எண்ணிக் கையில் வைத்தாள்.

"அடப் பாவிகளா!" என்று எழுந்துவிட்டேன். "என்ன பண்றீங்க நீங்க?"

"என்ன பண்றோம்? பங்கு போடுறோம்" என்றாள் அக்கா. முதல் வெள்ளிக்கிழமையிலிருந்தே இப்படித்தானாம். ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவு என்று ஆகிவிட்டால் எப்படி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது என்று நாலு பேரும் கூடிப் பேசி முடிவு செய்ததாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன் என்று தெரியுமாம்.

கத்தத்தான் செய்தேன். யாருக்கு எது என்று தெரியாமல் பிரிப்பதில்தான் அந்த ஆராய்ச்சியின் உயிரே இருக்கிறது, அதைக் குலுக்கிக் கெடுத்துவிட்டீர்களே என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "டீச்சர், முனியாண்டிக்குக் கிடா வெட்டுறப்ப நீங்களும் நம்ம லயத்துல இருந்தவங்கதானே? கறியக் கூறு கூறா இலையில வைக்கிறோம். ஒருத்தர் திரும்பி நிக்கிறாரு. ஒரு கூறத் தொட்டு 'இது யாருக்கு'ன்னு கேட்டா, அவரு பாக்காமலே வீட்டுப் பேரச் சொல்றாரு. யாரும் யாரையும் சந்தேகப்பட முடியாது. உங்க டாக்டரு செய்யிறதும் அதேதான்லா, நாங்க அதத் தப்புன்னு சொல்லல. ஆனா எங்க கூறு எல்லாத்துலயும் கறி இருக்கும். ஒரு வீட்டுக்குக் கறி, ஒரு வீட்டுக்கு வெறும் இலைன்னு நாங்க வைக்கிறதில்ல."

"உங்களுக்கு எது கறின்னு தெரியும்" என்றேன்.  "இங்க எது கறின்னே இன்னும் யாருக்கும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு. அந்த மருந்தே உடம்பக் கெடுக்கிறதா இருந்தா? அப்ப வெறும் இலை கெடச்சவதான் தப்பிச்சவ!"

நாலு பேரும் கையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரிதான், "சரி விடுங்க, போனா நாலு பேரும் சேந்தே போறோம்" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது, டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கும் கியா பார்ம் பக்கம் வழக்கமான விடுமுறை ஜாம். ஸ்ட்ராபெரி பொம்மையும் மக்காச்சோளமும் விற்கிற கடைகளுக்கு நடுவே கார் நகரவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஒரே டின், ஒரே குலுக்கல். அப்படியானால் நாலு பேரும் தின்றது கிட்டத்தட்ட ஒரே கலவை. மாத்திரையில் வித்தியாசம் இல்லை. அப்படி இருந்தும் அக்காவுக்கு மட்டும் ஊசி ஏறியிருக்கிறது. அவளிடம் வேறாக இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான். டாக்டரின் சோதனையை நாசமாக்கிய கையோடு, எனக்கு வேண்டிய சோதனையை இவர்கள் நடத்தி வைத்துவிட்டார்கள்! உடனே என் புத்தி குறுக்கே வந்தது. ஒரே ஓர் ஆளை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? ஒருத்தி கையே கொடுக்கவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் முன்னால் இடம் விட்டிருப்பதைக் கவனித்தேன்.

டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று மறுநாளே அக்காவிடம் சொன்னேன்.

"வேணாம் பாப்பா. அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா ஒடயட்டும். உங்க சிரிக்கிற மூஞ்சிய நம்பி, இது நல்ல மருந்துன்னு எங்கயோ இருக்கிற எவளுக்கோ குடுப்பாங்க. அவளும் உன்ன மாதிரி கை மூடாதவளாத்தான் இருப்பா."

அக்கா தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். பிறகு, "நீ போயி கத்தாத. நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

அவளே சொன்னாள். டிரஸ்ஸரை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, டின்னையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிப்பும் அழுகையும் கலந்த ஒரு குரலில், "எங்கம்மாவும் வெள்ளிக்கிழமை அப்படித்தான்கா. எனக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்றார். நாலு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும், கலந்துபோன மாத்திரையை இனி யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லி, டின்னோடு எடுத்துக்கொண்டார்.

மெசின்தான் அக்காவின் கையைக் கெடுக்கிறது என்று நிர்வாகத்துக்கு இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று நான் கேட்டேன். "இருக்கலாம்னு நானும் நெனைக்கிறேன் டீச்சர். ஆனா நிச்சயம்னு எழுதினா அது பொய். இருக்கலாம்னு எழுதினா அவங்க படிக்கவே மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாத்திரை நின்றுபோய் வாரங்கள் ஆகியும் அக்காவின் கை மூடிக்கொண்டுதான் இருந்தது. "மாத்திரை இல்லாமயும் மூடுதே" என்று அவளே ஒரு மாதிரி பயத்தோடு சொன்னாள். அந்த நேரம் பார்த்துப் பூச்சி எண்ணுகிறவர்கள் கப்புகளைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். சரிவு முழுசும் மறுபடி மெசினுக்கு வரப்போகிறது. அக்காவும்தான்.

அவளைக் கூட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். லயத்தில் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். என்னைவிடச் சின்ன வயது, விவசாயம் படித்தவர், தமிழர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், கடைசிவரை கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு ஆள வச்சு எப்படி டீச்சர் முடிவு பண்றது? வயசு, குளிரு, எத்தனையோ காரணம் இருக்கலாம்" என்றார். என் வியாதி அவருக்கும் இருந்தது. "ஒண்ணு செய்வோம். ரெண்டு வாரம் திரும்ப மெசின்ல போட்டுப் பாப்போம். வலி திரும்பி வந்துச்சுன்னா நீங்க சொல்றது சரி. கையால கிள்ளுற வேலை இன்னும் கொஞ்சம் இருக்கு, அதுலயே வச்சிக்கலாம்."

முறைப்படி அதுதான் சரி. மாற்றியதைத் திருப்பி மாற்று, விளைவும் திரும்புகிறதா பார். நானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அது கை, சார். நூலும் குண்டும் இல்ல. வலிச்சுதுன்னு அவ சொன்னதுக்கப்புறம், வேலைக்கு ஆகாதுன்னு வீட்டக் காலி பண்ணச் சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அத அப்புறம் பாப்போம்" என்றார்.

"சரிங்க துரை, போறேன்" என்றாள் அக்கா.

வெளியே வந்து அவளைத் திட்டினேன். "வேற வழி இருந்தா சொல்லு" என்றாள். இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

அந்த இரண்டு வாரமும் தினமும் போன் செய்தேன். "எப்படிக்கா இருக்கு?" "பரவால்ல." "வலிக்குதா?" "பரவால்ல பாப்பா." இதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு போனால், விருந்தாளி வந்திருக்கிறார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று ஏதாவது சாக்கு. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யார் கேட்டாலும் நல்லாயிருக்கு என்றே சொல்லிப் பழகியவள். கடைசி நாளிலும் அப்படித்தான் சொல்லப்போகிறாள், மெசினிலேயே கிடந்து சாகப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. விடிகாலைப் பெரட்டுக்கு நானும் போய் நின்றேன். வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம் அது. மூடுபனி இன்னும் கலையவில்லை. ஒரு பக்கம் வெளிநாட்டு ஆட்கள், ஒரு பக்கம் நம்ம பெண்கள், கங்காணி, டிரஸ்ஸர். துரை நேராக அக்காவிடம் வந்தார்.

"கை எப்படி இருக்கு?"

அக்கா அவரைப் பார்த்தாள். டிரஸ்ஸரைப் பார்த்தாள். 

"வலிக்குதுங்க துரை" என்றாள்.

எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "எனக்கும் வலிக்குது துரை." அடுத்து மற்ற இரண்டு பேரும், "எனக்கும் துரை", "எனக்குந்தாங்க."

போச்சு! உயிரைக் கொடுத்து அக்கா சொன்ன ஒரு வார்த்தையைக் கெடுத்துவிட்டார்களே! துரையின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தீங்களா டீச்சர்?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கே அந்த மூன்று பேர் மேல் நம்பிக்கை இல்லை. குறிப்பாகப் பக்கத்து வீட்டுக்காரி மேல்.

அக்கா கையுறையைக் கழற்றினாள். துரைக்கு முன்னால் போய் வலது கையை நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்க துரை."

அவர் அரை அடி பின்னால் போனார். எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் ஒரு துரைக்குக் கை நீட்டியதில்லை. கங்காணி, "ஏய், என்னா இது" என்று முன்னால் வந்தார். துரை அவரைக் கையமர்த்திவிட்டு, அந்தக் கையைப் பிடித்தார்.

"அழுத்துங்க" என்றார்.

அக்கா அழுத்தினாள். நான் பக்கத்தில் போய் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் விரல்களையே பார்த்தேன். பாதி மடங்கி நின்றுவிட்டன. அவர் கையைச் சுற்றி அவை மூடவே இல்லை. வீங்கிய மூட்டுகள் சிவந்து கிடந்தன. துரை கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் கங்காணியிடம், "இவங்களுக்கு மெசினு வேணாம். கையால எடுக்கிற வேலையே குடுங்க. வீட்டப் பத்திப் பேச்சே இல்ல" என்றார்.

 அக்காவின் வீடு பிழைத்தது. வந்த காரியம் முடிந்தது, போகலாம் என்று அவள் தோளைத் தொட்டேன். அக்கா அசையவில்லை.

"அவங்க கையையும் புடிச்சுப் பாருங்க துரை" என்றாள்.

துரை பக்கத்து வீட்டுக்காரியிடம் போனார். அவள் சிரித்தாள். கையை ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவர் காத்துக்கொண்டு நின்றார். அவள் மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள், அவர் பிடித்தார், பலமாகக்கூட அழுத்தவில்லை.

அந்த மூடாத வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சிரித்தபடியே நின்ற முகத்தில் கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

துரை அடுத்தவளின் கையைத் தொடவில்லை. எதிரே நின்ற வரிசையைக் கடைசி வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். வெளிநாட்டு ஆட்கள் வரிசையையும் பார்த்தார்.

"எத்தன பேருக்கு இப்படி இருக்கு?" என்று கங்காணியைக் கேட்டார்.

"கேட்டதில்லைங்க துரை" என்றார் கங்காணி.